செடானுக்குச் சத்தமில்லாத, சொகுசான டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 2015 ஹோண்டா சிட்டி. கம்பெனியிலிருந்து வந்த டயர்கள் 50,000 கிலோமீட்டர் தாண்டியபோது பின்சீட்டில் உட்கார்ந்து பேசுவதே சிரமமாகிவிட்டது. திருச்சியிலிருந்து சென்னைக்கு வரும் வழியெல்லாம் அம்மா ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு முறை கேட்பார். டயர் மாற்றிய பிறகுதான் இவ்வளவு நாள் அவருக்கு எவ்வளவு கஷ்டம் கொடுத்திருக்கிறோம் என்று புரிந்தது. அன்றிலிருந்து சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். சிட்டி, வெர்னா, சியாஸ், டிசையர், வென்டோ போன்ற கார்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

காருக்குள் கேட்கும் இரைச்சல் டயரிலிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பணம் செலவழிக்கும் முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான். டயர் மாற்றியும் சத்தம் போகவில்லை என்று வருந்துகிறவர்களில் பலர் இதைப் பார்க்காமல் விட்டவர்கள்.

ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். தார் ரோட்டிலிருந்து சிமெண்ட் தளத்துக்கு மாறும் இடம் நல்ல பரிசோதனைக்கூடம். டோல் பக்கத்தில் இப்படிப்பட்ட தளம் பெரும்பாலும் இருக்கும். தளம் மாறியதும் சத்தத்தின் குரலே மாறினால் அது டயர். எந்த ரோட்டிலும் ஒரே மாதிரி "ஊ…" என்று கேட்டால் சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். பின்னால் வண்டி வராத இடத்தில் ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமுமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது சத்தம் கூடி, மறுபக்கம் திருப்பும்போது குறைந்தால் பேரிங்தான். அதைக் கவனிக்காமல் ஓட்டுவது ஆபத்து. டயர் கடைக்குப் போகும் முன் மெக்கானிக்கிடம் போங்கள்.

கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் சத்தம் அடங்குகிறதா? அப்படியானால் அது எஞ்சின் சத்தம். 100-ஐத் தாண்டிய பிறகு மட்டும் கேட்கிறதா? அதில் காற்றுக்கும் கதவு ரப்பருக்கும் பெரிய பங்கு உண்டு. டயர் அதற்கு ஒன்றும் செய்யாது.

இன்னொரு சோதனை வீட்டு வாசலிலேயே செய்யலாம். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, குறுக்கே உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் தடவுங்கள். பிறகு வெளியிலிருந்து உள்ளே. ஒரு பக்கம் போகும்போது வழவழப்பாகவும் திரும்பி வரும்போது ரம்பப் பல் போலவும் கையில் இடறினால், பட்டன்கள், அதாவது ரோட்டில் படும் ரப்பர்க் கட்டிகள், சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கெட்டதால் வந்தது அது. கண்ணுக்குத் தெரியாது, கைக்கு உடனே தெரியும். சாய்வாகத் தேய்ந்த டயர் பேரிங் போனது போலவே உறுமும். முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சத்தமும் இடம் மாறினால் சந்தேகமே வேண்டாம்.

டயர் ஏன் சத்தம் போடுகிறது?

மூன்று விதமாக. பட்டன் ஒவ்வொன்றும் ரோட்டில் வந்து அறைவது ஒன்று. பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் சிக்கும் காற்று அழுந்தி வெளியே பீறிடுவது இன்னொன்று. மூன்றாவது, டயருக்குள் இருக்கும் காற்றே குடத்துக்குள் ஊதியது போல முழங்குவது. இது ஏறத்தாழ 200 முதல் 250 ஹெர்ட்ஸ் அளவில் வரும் கனத்த ஓசை. ரோட்டுப் பள்ளத்தில் சக்கரம் விழும்போது கேட்கும் "டொங்" அதில் சேர்த்தி.

டயர் செய்கிறவர்கள் பட்டன்களை ஒரே அளவில் வைப்பதில்லை. சிறிதும் பெரிதுமாகக் கலந்து வைப்பார்கள். ஒரே அளவில் இருந்தால் ஒரே சுருதியில் ஊளையிடும். கலந்திருந்தால் சத்தம் பல சுருதிகளில் சிதறி, காது அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டயரை உற்றுப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இதே டயர் புதிதில் அமைதியாகத்தானே இருந்தது?

ஆமாம், இருந்திருக்கும். ரப்பர் வயதாக ஆக இறுகும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். ஓடாமல் மொட்டை மாடி வெயில் போன்ற இடத்தில் நிற்கும் காரின் டயரும் இறுகும். புது டயரில் ஏறத்தாழ 8 மி.மீ. இருக்கும் பட்டன் தேயத் தேய, ரோட்டின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ரப்பரும் குறைகிறது. ஐந்தாறு வருடம் ஆன டயரில் பட்டன் நிறைய இருந்தாலும் சொகுசு போயிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். புது டயரோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

டயரில் எழுதியிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

என் காரில் 175/65 ஆர்15. 175 என்பது மி.மீ. கணக்கில் அகலம். 65 என்பது சைடுவாலின், அதாவது டயரின் பக்கச் சுவரின், உயரம் அகலத்தில் 65 சதவீதம் என்று சொல்கிறது, அதாவது சுமார் 114 மி.மீ. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதன் பக்கத்தில் 84 என்று இருந்தால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும் என்று பொருள். கடைசி எழுத்து வேகம்: எஸ் என்றால் மணிக்கு 180, டி என்றால் 190, எச் என்றால் 210. இந்த இரண்டிலும் காரோடு வந்த டயரைவிடக் குறைவாக வாங்கக் கூடாது.

சொகுசைத் தேடுகிறவர் முக்கியமாகப் பார்க்கவேண்டியது அந்த நடு எண்ணை. அதே தலைமுறை சிட்டியின் உயர் மாடலில் 185/55 ஆர்16 வந்தது. கணக்குப் போட்டால் அதன் சைடுவால் சுமார் 102 மி.மீ. என் டயரைவிட 12 மி.மீ. குட்டை. குண்டும் குழியுமான ரோட்டில் அந்த 12 மி.மீ. ரப்பரும் காற்றும் செய்யும் வேலையை வேறெதுவும் செய்யாது.

பெரிய அலாய் போட்டால் கார் அழகாக இருக்குமே?

இருக்கும். ஆனால் சொகுசு வேண்டும் என்றுதான் இந்தப் பக்கத்துக்கு வந்தீர்கள் என்றால், வேண்டாம். ரிம் பெரிதானால் சைடுவால் குட்டையாகும். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் இடுப்புக்கு வரும், இருட்டில் தெரியாத பள்ளத்தில் ரிம் நெளியும்.

அதே ரிம்மில் ஒரு படி மேலே போவது வேறு விஷயம். 175/65 ஆர்15 டயரின் மொத்த உயரம் சுமார் 609 மி.மீ.; 185/65 ஆர்15 போட்டால் 622. வித்தியாசம் இரண்டு சதவீதம்தான், பொதுவாகச் சொல்லப்படும் மூன்று சதவீத எல்லைக்குள் வருகிறது. சைடுவாலும் கொஞ்சம் உயரும். ஆனால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, காரில் ஆள் ஏற்றி, மட்கார்டில் உரசுகிறதா என்று பார்க்காமல் நான்கையும் வாங்கிவிடாதீர்கள். மைலேஜும் சிறிது குறையும். நான் கம்பெனி அளவிலேயே இருந்துவிட்டேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். இன்சூரன்ஸில் யாரும் கேள்வி கேட்கவும் வழியில்லை.

சரி, எந்த டயர் வாங்கலாம்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். பிராண்டைவிட, அந்த பிராண்டுக்குள் எந்த வகை என்பது பெரிய வித்தியாசம் செய்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் நீண்ட நாள் உழைப்பதற்கு ஒரு வகையும், சொகுசுக்கும் பிடிப்புக்கும் இன்னொரு வகையும் வைத்திருக்கிறது. அப்போலோவில் அமேசர் உழைப்புக்கு, அல்னாக் செடான்களுக்கு. சியட்டில் மைலேஸ் உழைப்புக்கு, செக்யூராடிரைவ் அதற்கு மேலே. பிரிட்ஜ்ஸ்டோனில் இக்கோபியா எரிபொருள் சிக்கனத்துக்கு, டுரான்சா நெடுந்தூரச் சொகுசுக்கு. கான்டினென்டலில் கம்ஃபர்ட்கான்டாக்ட் என்று பெயரிலேயே இருக்கிறது. மிஷ்லினின் பிரைமசி 4 எஸ்டி-யில் அந்த எஸ்டி என்பது 'சைலன்ட் டியூன்' என்பதன் சுருக்கம். யோகோஹாமாவில் புளூஎர்த்-ஜிடி. எம்ஆர்எஃப்-இல் மேல்தட்டு கார்களுக்கென்று பெர்ஃபின்சா வரிசை இருக்கிறது.

கடையில் போய் "பதினைந்து இன்ச் எம்ஆர்எஃப் நாலு கொடுங்க" என்று கேட்டால், அதிகம் விற்கும் வகையைத்தான் எடுத்து வைப்பார்கள், அது பெரும்பாலும் உழைப்பு வகை. "சத்தம் குறைவா, மெத்துன்னு இருக்கணும், லைஃப் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை" என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரரின் கை வேறு அடுக்குக்குப் போவதைப் பார்ப்பீர்கள்.

என் சொந்த அபிப்பிராயம்: பட்ஜெட் இடம் கொடுத்தால் பிரைமசி அல்லது டுரான்சா, உங்கள் அளவில் கிடைத்தால். இல்லையென்றால் அல்னாக் அல்லது செக்யூராடிரைவ் எடுத்து, மிச்சப் பணத்தில் அலைன்மென்ட்டையும் ஷாக் அப்சார்பரையும் சரி செய்யுங்கள். விலை உயர்ந்த டயரை அலைன்மென்ட் கெட்ட காரில் போட்டால் ஒரு வருடத்தில் அதுவும் உறும ஆரம்பித்துவிடும்.

எல்லா வகையும் எல்லா அளவிலும் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூனிலிருந்து புது டயர் இறக்குமதிக்கு மத்திய அரசின் அனுமதி தேவைப்படுகிறது. வெளிநாட்டுப் பெயர்களில் சில அளவுகள் கடையில் கிடைக்காமல் போக அதுவும் காரணம். ஆகவே இரண்டு மூன்று வகைகளை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

டயர் விமர்சனங்களில் 69 டெசிபல், 71 டெசிபல் என்று எழுதுகிறார்களே, அதை வைத்து முடிவு செய்யலாமா?

அது ஐரோப்பாவில் டயரோடு வரும் தர லேபிளில் உள்ள எண். எஞ்சினை அணைத்து 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் உருண்டு போகும்போது, ஏழரை மீட்டர் தள்ளி ரோட்டோரத்தில் வைத்த மைக்கில் அளந்தது. தெருவில் நிற்பவருக்குக் கேட்கும் சத்தம். உள்ளே இருக்கும் நமக்குக் கேட்பது அல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரு மடங்கு என்பதால் பெரிய வித்தியாசம் இருந்தால் கவனியுங்கள். ஒன்றிரண்டு டெசிபலுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அதே லேபிளில் ஈர ரோட்டுப் பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தரம் இருக்கும். அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டிய டயர்கள் வந்திருக்கிறதாமே?

உண்மைதான். டயரின் உள்சுவரில் நுரைப்பட்டை ஒட்டியிருப்பார்கள். மேலே சொன்ன குடத்து முழக்கத்தை அது விழுங்கிவிடும். ஆனால் பெரும்பாலும் பெரிய ரிம் உள்ள விலை உயர்ந்த கார்களுக்கும் மின்சாரக் கார்களுக்கும்தான் வருகிறது. பஞ்சர் ஆனால், உள்பக்கம் ஒட்டுப் போட அந்த இடத்தில் நுரையை வெட்டி எடுக்கவேண்டும். அது தெரிந்த ஆள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. 14, 15 அங்குல செடானுக்கு இதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

மெத்தென்ற டயர் சீக்கிரம் தேயுமா? மழையில் வழுக்குமா?

முதல் பாதிக்கு ஆமாம். மென்மையான ரப்பர் சத்தத்தை விழுங்கும், ரோட்டைப் பற்றும், அதற்கு விலையாகச் சீக்கிரம் தேயும். சில டயர்களின் பக்கவாட்டில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும், 300, 420 என்பது போல. எண் கூடினால் உழைப்பு கூடும். ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும். அந்த எண்ணை அந்தந்தக் கம்பெனியே போட்டுக்கொள்வதால், வெவ்வேறு கம்பெனிகளுக்கு இடையே ஒப்பிட வேண்டாம்.

மழையில் வழுக்காது, பொதுவாக இறுகிய ரப்பரைவிட நன்றாகவே பிடிக்கும். வழுக்குவது தேய்ந்த டயர்தான். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், பட்டன் அதன் மட்டத்துக்கு வந்தால் 1.6 மி.மீ.தான் மிச்சம். அதுவரை காத்திருக்காதீர்கள். ஐப்பசி மழைக்கு முன் 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். அமைதியும் சொகுசும் எனக்குப் பிடிக்கும், ஆனால் ஈர ரோட்டில் நிற்காத டயரை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் குடும்பத்தை ஏற்றும் காரில் போடமாட்டேன்.

காற்று எவ்வளவு வைக்கவேண்டும்?

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளது. பெரும்பாலான செடான்களுக்கு 30 முதல் 33 பிஎஸ்ஐ-க்குள் வரும். டயரின் மேலேயே எழுதியிருக்கும் பெரிய எண் அது தாங்கக்கூடிய உச்சம். நாம் வைக்கவேண்டிய அளவு அதுவல்ல.

புது டயர் போட்டு வீட்டுக்கு வந்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான்கு டயருக்கும் அவ்வளவு பணம் கொடுத்தும், கார் கட்டை வண்டி போலக் குதித்தது. வகையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று ஒரு வாரம் மனசே சரியில்லை. அப்புறம் ஒரு விடியற்காலையில், கார் எடுக்கும் முன் காற்றளவு பார்க்கும் என் கேஜை வைத்துப் பார்த்தால் நான்கிலும் 41. ரிம்மில் டயரின் விளிம்பு உட்கார அதிகக் காற்று அடித்த கடைப் பையன் அதைக் குறைக்க மறந்திருக்கிறார். வால்வை அழுத்தி 32-க்குக் கொண்டுவந்தேன். தெருமுனை ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டியபோது வேறு காரில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அதனால் ஒரு கேஜ் வாங்கி டேஷ்போர்டில் வையுங்கள். கார் ஓடாமல் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடத்தான் காட்டும். சொகுசுக்காக ஸ்டிக்கர் அளவைவிடக் குறைக்கவும் வேண்டாம். சைடுவால் சூடேறி நெடுஞ்சாலையில் வெடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

நைட்ரஜன் அடித்தால் மெத்தென்று இருக்குமா?

இருக்காது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அளவு கொஞ்சம் மெதுவாக இறங்கும், அவ்வளவே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெட்ரோல் பங்கில் காற்றுப் பார்க்கிறவருக்குத் தேவையில்லை.

தயாரிப்புத் தேதியை எங்கே பார்ப்பது?

சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-இன் 23-வது வாரம். ஆறு மாதத்துக்குள் தயாரானது கிடைத்தால் நல்லது, ஒரு வருடத்தைத் தாண்டினால் நான் வேறு கேட்பேன். நான்கு டயரிலும் பாருங்கள், ஒன்றில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். அந்த எண் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் என்பதால், ரிம்மில் மாட்டும் முன்பே பார்த்துவிடவேண்டும்.

இப்போதைக்கு இரண்டு மட்டும் மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் பாதி அமைதிதான் கிடைக்கும். புதிய இரண்டையும் பின்னால் போடுங்கள். முன்சக்கரத்தில் இழுக்கும் கார் என்றாலும் பின்னால்தான். மழைநீரில் முன்சக்கரம் வழுக்கினால் ஓட்டுகிறவருக்குத் தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

கடையில் மாட்டும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

பக்கத்திலேயே நில்லுங்கள். பல டயர்களில் இடதுபாதிக்கும் வலதுபாதிக்கும் பட்டன் வேறுவேறாக இருக்கும். 'அவுட்சைடு' என்று எழுதிய பக்கம் வெளியே தெரியவேண்டும். மாற்றி மாட்டினால் சத்தம் கூடுவதோடு மழையில் பிடிப்பும் குறையலாம். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது மிகவும் எடை குறைந்த இடம், அதை வால்வுக்கு நேராக வைத்தால் பேலன்சிங்கில், அதாவது சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும்போது, ஒட்டும் ஈயம் குறைவாகப் போதும். ரப்பர் வால்வையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், சின்னத் தொகைதான். அலைன்மென்ட் முடிந்ததும், சரிசெய்வதற்கு முன்பும் பிறகும் எடுத்த அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள். கடைசியில் காற்று எவ்வளவு என்று கேஜில் நீங்களே பாருங்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

விலை?

2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைகளை இணையத்தில் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். இரண்டு கடைகளில் மாட்டுக்கூலி, பேலன்சிங், அலைன்மென்ட், வால்வு எல்லாம் சேர்த்து மொத்தமாகக் கேட்டு ஒப்பிடுங்கள். பழைய டயருக்கும் ஒரு தொகை கழிக்கச் சொல்லலாம்.

புது டயர் போட்டும் பள்ளத்தில் தூக்கிப் போடுகிறதே?

காற்று சரியாக இருந்தும் அப்படியென்றால் டயரை விட்டுவிட்டு மேலே பாருங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா, ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கின்றனவா, ஷாக் மேல்முனையிலுள்ள மவுண்ட் தளர்ந்திருக்கிறதா என்று காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 70,000, 80,000 ஓடிய காரில் இவற்றில் ஒன்றாவது போயிருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மட்டும் கொஞ்சம் பொறுங்கள். புது ரப்பரின் மேல்பூச்சு போய், டயர் இளகி வரும்வரை நிதானமாக ஓட்டவும் வேண்டும்.

இந்த அமைதி எவ்வளவு நாள் நீடிக்கும்?

அது உங்கள் கையில்தான் இருக்கிறது. 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றுங்கள். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி போட்ட டயர் என்றால் இடது பக்கத்து டயர் இடது பக்கத்திலேயே இருக்கவேண்டும். பெரிய பள்ளத்தில் விழுந்த அன்றே அலைன்மென்ட் பாருங்கள், அடுத்த சர்வீஸ்வரை தள்ளிப் போடவேண்டாம். மாதம் ஒருமுறை அந்த உள்ளங்கைச் சோதனையைச் செய்யுங்கள். ரம்பப் பல் கையில் லேசாக இடறத் தொடங்கும்போதே பிடித்துவிட்டால் சரிசெய்துவிடலாம். காதில் கேட்கும் அளவுக்கு வந்தபிறகு அந்த டயர் பழைய நிலைக்குத் திரும்பாது.